ஏஎஸ் இருப்பவர்களுக்கு முதுகு டிஸ்க்கில் வரும் அழற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைடிஸ், சுருக்கமாக ஏஎஸ் (முதுகெலும்பிலும் இடுப்பு மூட்டுகளிலும் அழற்சி வந்து, நாளடைவில் எலும்புகளை ஒட்ட வைக்கக்கூடிய நோய்), இருக்கிறவர்களில் சிலருடைய எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'ஸ்பான்டிலோடிசைடிஸ்' என்றோ 'ஆண்டர்சன் லீஷன்' என்றோ ஒரு வரி இருக்கும். அதை இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது கிருமித் தொற்றும் முதுகெலும்பு டிபியும்தான் என்பதால் வீடே கலங்கிப் போகிறது. நான் டாக்டர் இல்லை, பல வருடமாக இந்த நோயோடு இருக்கிறவன். ஓபி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு, என் ருமடாலஜிஸ்டிடம் (மூட்டு அழற்சி நோய்களைப் பார்க்கும் டாக்டர்) கேட்டுத் தெரிந்துகொண்டதையும் தேடிப் படித்ததையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கில் அழற்சி என்றால் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தமா?

ஏஎஸ்-ஸில் வருவது பெரும்பாலும் கிருமி இல்லாத அழற்சி. இரண்டு முள்ளெலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் வெளி வளையம் எலும்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. நார் எலும்போடு சேருகிற இப்படிப்பட்ட இடங்களைத்தான் ஏஎஸ் குறி வைத்துத் தாக்கும், குதிகால் வலிப்பதும் இதே காரணத்தால்தான். முதுகில் அந்த விளிம்பும், டிஸ்க்கை ஒட்டிய எலும்புத் தட்டும் வீங்கி அரிக்கப்பட்டால் அதுதான் இந்த டிஸ்க் அழற்சி. சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1937-ல் இதை எக்ஸ்ரேயில் பார்த்து எழுதியதால் அவர் பெயரே நின்றுவிட்டது.

ஆனால் ஏஎஸ் இருக்கிறவருக்குக் கிருமித் தொற்று வராது என்று எந்த விதியும் இல்லை. வரும், அதுவும் நம் ஊரில் டிபி வரும். அதனால் கிருமி இல்லை என்பதை ஊகத்தில் விடாமல் உறுதி செய்துகொள்ள வேண்டும். கீழே அதைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன்.

ஜவ்வு விலகியிருக்கு, டிஸ்க் பல்ஜ் என்றெல்லாம் சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஜவ்வு விலகுவது டிஸ்க் தேய்ந்தோ பிதுங்கியோ நரம்பை அழுத்துவது. நாற்பது வயது தாண்டிய பலருக்கு எம்ஆர்ஐ எடுத்தால் ஒன்றிரண்டு பல்ஜ் இருக்கத்தான் செய்யும், அதில் நிறையப் பேருக்கு வலியே இருக்காது. இதில் ஒரு ஆபத்து உண்டு. இளவயது ஆள் ஒருவர் முதுகு வலி என்று போகிறார், இடுப்புப் பகுதிக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுக்கிறார்கள், பல்ஜ் என்று வருகிறது, எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிட்டுப் பல வருடம் டிராக்‌ஷனும் பெல்ட்டுமாக ஓட்டுகிறார்கள். ஏஎஸ் கண்டுபிடிக்கப்படாமல் போகும் கதைகளில் பல இப்படித்தான் ஆரம்பிக்கும். நாற்பத்தைந்து வயதுக்குள் ஆரம்பித்த வலி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது, காலையில் விறைப்பு, நடந்தால் சரியாகிறது, படுத்தால் கூடுகிறது என்றால் பல்ஜ் ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல் முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு ஏன் வந்தது? நான் ஏதாவது தப்பு செய்தேனா?

நீங்கள் எதுவும் செய்யவில்லை. இதற்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் வைத்தியமே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

முதல் வழி, நோயின் அழற்சியே டிஸ்க்கைத் தாக்குவது. நோய் வந்த ஆரம்ப வருடங்களில்கூட வரலாம், ஒரே சமயத்தில் பல டிஸ்க்குகளில் இருக்கலாம், சிலருக்கு வலியே இல்லாமல் எம்ஆர்ஐயில் மட்டும் தெரியும்.

இரண்டாவது வழி எலும்பு முறிவு. நோய் முற்றி முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிறகு (மூங்கில் முதுகு என்று டாக்டர்கள் சொல்லும் நிலை) முதுகு முழுக்க ஒரே நீள எலும்பாகிவிடுகிறது, அதற்குள் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருக்கும். அது சாக்பீஸ் மாதிரி, வளையாது, ஒடியும். எங்கேயாவது ஒரு டிஸ்க் மட்டும் ஒட்டாமல் விடுபட்டிருந்தால் உடம்பின் அசைவு முழுக்க அந்த ஒரே இடத்தில் வந்து இறங்கும். அல்லது கவனிக்காமல் விட்ட ஒரு சின்ன விரிசல், எலும்பு கூடாமலே அசைந்து அசைந்து பொய் மூட்டாக மாறிவிடும். எக்ஸ்ரேயில் பார்த்தால் டிஸ்க் அரித்துப்போன மாதிரியே தெரியும், உண்மையில் அங்கே நடப்பது ஓயாத உராய்வு. நெஞ்சுப்பகுதி முதுகு முடிந்து இடுப்புப்பகுதி ஆரம்பிக்கும் இடத்தில்தான் இது அதிகம், நிமிர்ந்த உடம்பின் பாரம் கூடுவது அங்கேதான்.

சாதாரண ஏஎஸ் வலிக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஏஎஸ் வலியின் குணம் நம் எல்லோருக்கும் அத்துப்படி. ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடும், விடிந்து எழும்போது உடம்பு பலகை மாதிரி இருக்கும், சாக்ஸ் போடக் குனிய முடியாது, வெந்நீரில் குளித்துக் கொஞ்சம் நடந்தால் தளரும். உட்கார்ந்தே இருந்தால் கூடும், நடந்தால் குறையும்.

இரண்டாவது வகை டிஸ்க் பாதிப்பில் இது அப்படியே தலைகீழாகிறது. அசைந்தால் வலிக்கிறது, நின்றால் வலிக்கிறது, படுத்தால் குறைகிறது. முதுகு முழுக்கப் பரவியிருந்த மந்தமான வலி போய் ஒரே இடத்தில், விரலை வைத்துக் காட்டக்கூடிய இடத்தில், குத்துகிறது. படுக்கையில் புரளும்போது, தும்மும்போது, பைக் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது சுரீர் என்கிறது. சிலர் 'முதுகு ஒட்டிப்போய் வலி நின்று நாலைந்து வருடமாச்சு, இப்போது திரும்பவும் ஆரம்பிச்சிருக்கு' என்பார்கள். சிலருக்குக் கூன் திடீரென்று கூடியிருக்கும், வீட்டில் இருப்பவர்கள்தான் அதை முதலில் கவனிப்பார்கள், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க முன்னைவிட இன்னும் கொஞ்சம் தலையைத் தூக்க வேண்டியிருக்கும்.

பழைய நோயாளிகள் செய்கிற காரியம், 'நமக்கு வழக்கமா வர்ற வலிதானே' என்று ஒரு மாத்திரையைக் கூடப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவது. தாங்கிப் பழகிய உடம்பு, அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் வலியின் அளவு கூடுவது வேறு, குணம் மாறுவது வேறு. குணம் மாறினால் அதைப் புது நோய் வந்த மாதிரி நினைத்து டாக்டரைப் பாருங்கள், பார்க்கும்போது 'வலி அதிகமா இருக்கு' என்று மட்டும் சொல்லாமல் 'முன்னாடி நடந்தால் குறையும், இப்போ நடந்தால் கூடுது' என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வரி டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

கால் மரத்துப்போவது, நடக்கும்போது தடுமாறுவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைவது, இதில் எது இருந்தாலும் ஓபி நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இது எத்தனை பேருக்கு வரும்?

ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறுகிறது, 100 பேரில் ஒன்றிரண்டு என்று சொல்வதும் உண்டு, கால்வாசிக்கு மேல் என்று சொல்வதும் உண்டு. எக்ஸ்ரேயில் மட்டும் தேடியவர்களுக்குக் குறைவாகவும் எம்ஆர்ஐயில் தேடியவர்களுக்கு அதிகமாகவும் கிடைப்பதுதான் காரணம். தொந்தரவு கொடுக்கும் அளவுக்கு வருவது குறைவானவர்களுக்குத்தான்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எதுவும் இல்லை என்கிறார்கள். போதாதா?

வலியின் குணம் மாறியிருந்தால் போதாது. ஒட்டிப்போன முதுகில், எலும்பும் மெலிந்து, தோள்களின் நிழலும் விழுந்து, எக்ஸ்ரேயில் விரிசல் ஒளிந்துகொள்ளும், கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே உள்ள பகுதியில் சொல்லவே வேண்டாம்.

எம்ஆர்ஐ அழற்சியையும் நீர் கோர்த்ததையும் தண்டுவடத்தையும் காட்டும். சிடி எலும்பைக் காட்டும். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் தட்டு அரித்து, அதைச் சுற்றி எலும்பு வெளுத்துத் தடித்திருக்கும், இதுதான் பொதுவான தோற்றம். டாக்டர்கள் சிடியில் குறிப்பாகத் தேடுவது, அந்த அரிப்பின் கோடு முன்னால் டிஸ்க்கோடு நிற்கிறதா, பின்பக்க எலும்புகள் வழியாகவும் ஓடுகிறதா என்பதை. பின்பக்கமும் ஓடினால் முறிவு, முதுகு அந்த இடத்தில் அசைகிறது என்று அர்த்தம். வலிக்கிற இடத்தை மட்டும் எடுக்காமல் முதுகுத்தண்டு முழுவதையும் எடுத்துவிடுங்கள், ஒரு இடத்தில் முறிவு இருந்தால் இன்னொரு இடத்திலும் இருக்கலாம். செலவு கூடும்தான், ஆனால் இடுப்புக்கு மட்டும் எடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து மறுபடியும் எடுப்பது அதைவிடச் செலவு.

கூன் அதிகம் இருப்பவர்களுக்கு எம்ஆர்ஐ மேஜையில் மல்லாந்து படுப்பதே பெரும்பாடு. தலைக்கு அடியில் துணி மடித்து வைக்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள், 'தலையைக் கீழே வையுங்க' என்று யாரும் அழுத்தவிடாதீர்கள்.

என் தம்பிக்கு ஏஎஸ் இருக்கிறது. எம்ஆர்ஐயைப் பார்த்துவிட்டு டிபி மாதிரி தெரிகிறது, டிபி மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்கிறார்கள். ஆரம்பிக்கலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். டாக்டர்கள் அப்படி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. உலகத்தில் வரும் டிபியில் ஏறக்குறைய கால்வாசி இந்தியாவில்தான். எலும்பில் வரும் டிபியில் பாதி முதுகில் வரும். டிஸ்க்கும் இருபக்க எலும்பும் அரித்திருக்கும் படத்தைப் பார்க்கும் எந்த இந்திய டாக்டருக்கும் டிபி ஞாபகம் வரத்தான் செய்யும், வர வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் ரத்தப் பரிசோதனை இதில் பெரிதாக உதவாது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் டிபியிலும் கூடும், ஏஎஸ்-ஸிலும் கூடும். டிபி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கத் தோலில் போடும் மேன்டூ ஊசி நம் ஊரில் நிறைய ஆரோக்கியமானவர்களுக்கே தடிக்கும். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் முதுகில் டிபி இருக்கலாம்.

பார்க்க வேண்டிய வித்தியாசங்கள் இவை. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, பசி போவது, ராத்திரி வியர்ப்பது இருந்தால் டிபி பக்கம் சாயும், இவை இல்லாத டிபியும் உண்டு என்றாலும். எம்ஆர்ஐயில் முதுகெலும்புக்குப் பக்கத்துச் சதையில் சீழ்க்கட்டி இருக்கிறதா என்பதுதான் பெரிய துப்பு, டிபியில் அது அடிக்கடி இருக்கும், சில சமயம் பெரிதாக, இடுப்புச் சதை வழியாகக் கீழே இறங்கியும் இருக்கும். ஏஎஸ்-ஸின் டிஸ்க் அழற்சியில் சீழ்க்கட்டி இருக்காது. அதற்குப் பதில் மற்ற முள்ளெலும்புகளின் மூலைகளில் வெள்ளைத் திட்டுகள், ஒட்டிப்போன இடுப்பு மூட்டு என்று ஏஎஸ்-ஸின் மற்ற அடையாளங்கள் கூடவே இருக்கும். சீழ் பிடிக்கும் வேறு கிருமிகளையும் மறக்கக் கூடாது, சர்க்கரை நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் குளிர் காய்ச்சலோடு அது வேகமாக வரும். ஆடு மாடு வைத்திருப்பவர்கள், காய்ச்சாத பால் குடிப்பவர்கள் என்றால் புருசெல்லா (கால்நடைகளிடமிருந்து தொற்றும் கிருமி) பரிசோதனையும் கேளுங்கள், அது இடுப்பு மூட்டையும் முதுகையும் ஏஎஸ் மாதிரியே பிடிக்கும்.

சரி, ஆரம்பிக்கலாமா என்றால், கால் பலவீனமோ பெரிய சீழ்க்கட்டியோ இல்லாமல் நிலைமை நிதானமாக இருந்தால், 'முதலில் பயாப்சி எடுத்துப் பார்த்துவிடலாமா டாக்டர்?' என்று கேளுங்கள், பாதித்த இடத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்சி. முதுகெலும்பு டிபிக்கு ஒரு வருடமாவது, சிலருக்கு அதற்கு மேலும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கலாம், அதில் ஒன்று கண் நரம்பையும் பாதிக்கலாம். டிபி இருந்தால் அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும், உயிரையும் காலையும் காப்பாற்றும் மருந்து அது, தயங்கவே கூடாது. இல்லாத டிபிக்கு ஒரு வருடம் ஏன் சாப்பிட வேண்டும்? இன்னொன்று, 'மாத்திரை ஆரம்பித்ததும் வலி குறைந்தது, அப்போ டிபிதான்' என்ற முடிவையும் நம்பிவிட முடியாது, அதே சமயத்தில் ஓய்வும் பெல்ட்டும் வலி மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், முறிவு வலி அதிலேயே குறைந்துவிடும்.

முதுகில் ஊசி போட்டு பயாப்சி எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள் வீட்டில்.

அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சிடி படத்தைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டிலிருந்து ஊசியை விடுவார்கள். பழகிய கை செய்தால் ஆபத்து மிகக் குறைவு, பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு விஷயம். ஒன்று, முடிந்தவரை ஆன்டிபயாடிக்கோ டிபி மாத்திரையோ ஆரம்பிக்கும் முன்னால் எடுக்க வேண்டும், ஆரம்பித்த பிறகு எடுத்தால் கிருமி வளராமல் 'ஒன்றும் இல்லை' என்று வந்துவிடலாம். இரண்டாவது, எடுத்த துணுக்கு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்லைப் பார்க்க மட்டும்தான் உதவும், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) செய்ய முடியாது. ஒரு பகுதியை ஃபார்மலின் பாட்டிலிலும் ஒரு பகுதியை வெறும் சலைனிலும் போட வேண்டும். சலைனில் உள்ளதைத்தான் கல்ச்சருக்கும், சில மணி நேரத்தில் டிபி கிருமியைக் கண்டுபிடிக்கும் சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். அரசு டிபி மையங்களில் சிபிநாட் இலவசம். பரிசோதனை அறைக்கு வெளியே நிற்கும் ஆள் இந்த ஒரு கேள்வியை நர்ஸிடம் கேட்டால் போதும்: 'ரெண்டு பாட்டில் இருக்கா சிஸ்டர்?'

கிருமி இல்லை, ஏஎஸ்-தான் என்று உறுதியாகிவிட்டது. வைத்தியம் என்ன?

அழற்சி வகை என்றால் ஏஎஸ்-ஸுக்கு உள்ள அதே வைத்தியம்தான், கொஞ்சம் முனைப்பாக. நாப்ராக்சன், இண்டோமெதசின், எடோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் முதல் படி. இவை வலியை மட்டும் மறைப்பவை என்று பலர் நினைக்கிறார்கள், ஏஎஸ்-ஸில் இவை அழற்சியையே குறைக்கிற மருந்து, டாக்டர் சொன்ன அளவில் சொன்ன நாள் வரை ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் பலிக்கிறதா இல்லையா என்றே தெரியும். வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். சல்பாசலசினும் மெத்தோட்ரெக்சேட்டும் கை கால் மூட்டு வீக்கத்துக்கு உதவலாம், முதுகுக்குப் பெரிதாகப் பயன் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது ஏஎஸ் முதுகுக்கு வைத்தியமே இல்லை, ஏற்கெனவே மெலிந்த எலும்பை இன்னும் மெலியச் செய்யும்.

இரண்டு வித வலி மாத்திரை பார்த்தும் அடங்கவில்லை என்றால் பயாலஜிக் ஊசிகள், அதாவது அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட பொருளையே அடக்கும் ஊசிகள். அடாலிமுமாப், எடானர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் ஒரு வகை, செக்குகினுமாப் இன்னொரு வகை, டோஃபாசிடினிப் மாதிரி மாத்திரையாக வருவதும் இப்போது உண்டு. அடாலிமுமாப்புக்கு இந்தியத் தயாரிப்புகள் வந்ததால் முன்பு கேட்ட விலை இப்போது இல்லை, ஆனாலும் நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரம்தான். கண் சிவந்து வலிக்கும் ஐரைடிஸ் வருபவர்களுக்கும் குடல் அழற்சி இருப்பவர்களுக்கும் எது பொருந்தும் என்பது மாறும், குடல் அழற்சி இருந்தால் செக்குகினுமாப்பைத் தவிர்ப்பார்கள், அதனால் அந்தத் தொந்தரவுகளையும் ருமடாலஜிஸ்டிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முறிவு வகைக்கு இந்த ஊசிகள் மட்டும் போதாது. ஒடிந்த எலும்பை மருந்து ஒட்ட வைக்காது, அங்கே அசைவை நிறுத்த வேண்டும்.

அந்த ஊசி போட்டால் டிபி வரும் என்கிறார்களே?

பாதி உண்மை. நம்மில் நிறையப் பேருக்கு உடம்புக்குள் டிபி கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது, உடம்பு அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருக்கிறது. டிஎன்எஃப் என்ற பொருளை அடக்கும் ஊசிகள், குறிப்பாக இன்ஃப்ளிக்சிமாப்பும் அடாலிமுமாப்பும், அந்த வளையத்தைத் தளர்த்திவிடக்கூடும். அதனால்தான் ஊசி போடும் முன்னால் நெஞ்சு எக்ஸ்ரேயும் மேன்டூவோ இக்ரா ரத்தப் பரிசோதனையோ எடுக்கிறார்கள். பிசிஜி தடுப்பூசியால் மேன்டூ தடிக்கலாம், இக்ராவை அது பாதிக்காது. தூங்கும் கிருமி இருப்பது தெரிந்தால் அதற்கான மாத்திரையைச் சில வாரம் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டுத்தான் ஊசி. செக்குகினுமாப்பில் இந்த ஆபத்து குறைவு.

டிஸ்க் அழற்சி விஷயத்தில் இது இன்னும் முக்கியமாகிறது. டிஸ்க்கில் இருப்பது டிபி என்று தெரியாமல் ஊசி போட்டால் அது பரவும். ஊசியில் இருக்கும்போது புதிதாக டிஸ்க் அரிப்பு தென்பட்டால், 'ஏஎஸ்-தான்' என்று தள்ளிவிடாமல் தொற்றை முதலில் தேட வேண்டும். மேலே டிபி மாத்திரைக்கு முன் பயாப்சி கேளுங்கள் என்று எழுதிய அதே அழுத்தத்தோடு இங்கே ஊசிக்கு முன் பயாப்சி கேளுங்கள் என்று எழுதுகிறேன்.

பெல்ட் போட வேண்டுமா? எத்தனை நாள் படுக்க வேண்டும்?

அழற்சி வகைக்குப் படுக்கை வேண்டாம், படுத்தால் இன்னும் விறைக்கும். முறிவு வகைக்கு இதற்கு நேர்மாறு. மார்பிலிருந்து இடுப்பு வரை பிடிக்கும் கெட்டியான பிரேஸை அளவெடுத்துச் செய்துகொடுப்பார்கள், மாதக்கணக்கில் போட வேண்டி வரும். மருந்துக்கடையில் தொங்கும் எலாஸ்டிக் இடுப்பு பெல்ட் அந்த வேலையைச் செய்யாது. கூன் இருப்பவருக்கு அவருடைய கூனுக்குத் தகுந்தபடி பிரேஸ் செய்ய வேண்டும், நிமிர்த்திக் கட்டக் கூடாது.

ஆபரேஷன் எப்போது?

நரம்பு பாதிக்கப்பட்டால், அந்த இடம் ஆடிக்கொண்டே இருந்தால், கூன் வேகமாகக் கூடினால், பிரேஸ் போட்டும் வலி அடங்காவிட்டால். பின்பக்கமாகத் திறந்து மேலும் கீழும் பல எலும்புகளில் திருகாணி போட்டுக் கம்பியால் இணைப்பார்கள், மெலிந்த எலும்பு என்பதால் சாதாரண முறிவுக்குப் போடுவதைவிட நீளமாகவே போடுவார்கள். அசைவு நின்றதும் அந்த இடம் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே அசையாத முதுகுதான் என்பதால் கம்பி போட்டதால் புதிதாக இழப்பது பெரிதாக ஒன்றும் இல்லை, இதைச் சொன்னால் பலருக்குப் பாதி பயம் போய்விடுகிறது.

கழுத்து ஒட்டியிருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமான முறையில் மூச்சுக்குழாய் போடக் கழுத்தை வளைக்க முடியாது, கேமரா குழாய் தேவைப்படும். பயாலஜிக் ஊசியை எப்போது நிறுத்துவது, காயம் ஆறி எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று ருமடாலஜிஸ்டும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும்.

உடற்பயிற்சி, யோகா, நீச்சல்?

எந்த வகை என்று தெரியும் வரை குனிவது, முறுக்குவது, குதிப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அழற்சி வகைதான் என்று உறுதியானால் உடற்பயிற்சி மருந்துக்குச் சமம்: நெஞ்சை விரித்து மூச்சிழுப்பது, சுவரோடு சுவராக நிமிர்ந்து நிற்பது, தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பது, நீச்சல். முதுகு ஒட்டிவிட்டவர்கள் சூரிய நமஸ்காரத்தையும் உடம்பை முறுக்கும் ஆசனங்களையும் யார் வற்புறுத்தினாலும் செய்ய வேண்டாம். பேருந்தில் கடைசி சீட்டையும் தவிர்த்துவிடுங்கள்.

சுளுக்கு எடுத்தால், நெட்டி முறித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறதே?

தயவு செய்து வேண்டாம். முடி வெட்டியதும் கேட்காமலே தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்புகிற பழக்கம் நம் ஊர் சலூன்களில் இன்னும் இருக்கிறது. நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், 'அண்ணே, கழுத்துல கை வைக்காதீங்க'. ஒட்டிப்போன கழுத்து அந்த ஒரு திருப்பலில் ஒடிந்துவிடலாம். முதுகில் ஏறி மிதிப்பது, இழுத்துவிடுவது, எலும்பைத் தட்டி உட்காரவைக்கிறேன் என்பது எல்லாம் இதே கணக்குதான். எண்ணெயை லேசாகத் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

சாப்பாட்டில் எதை நிறுத்த வேண்டும்? நாட்டு மருந்து?

உருளைக்கிழங்கு, வாழைக்காய், புளி என்று ஒரு பட்டியலே நீட்டுவார்கள். இவற்றை நிறுத்தியதால் டிஸ்க் அழற்சி அடங்கியது என்பதற்கு ஆதாரம் இல்லை. நிறுத்த வேண்டியது சிகரெட்டும் பீடியும், முதுகு வேகமாக ஒட்டுவதற்கும் புகைக்கும் தொடர்பு இருக்கிறது. எலும்பு அடர்த்தி பரிசோதனை எடுத்தால் இடுப்பு எலும்பின் அளவையும் சேர்த்துப் பாருங்கள், முதுகில் வளர்ந்த உபரி எலும்பு மெலிவை மறைத்துவிட்டு 'நார்மல்' என்று காட்டும். வைட்டமின் டி குறைவு இருந்தால் சரி செய்துகொள்ளுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கினால் சந்தேகப்படுங்கள், அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை வெளிவந்திருக்கிறது.

பெண்களுக்கு இது வராது என்கிறார்களே?

வரும். ஆண்களுக்கு அதிகம், அவ்வளவுதான். குழந்தை பெற்ற இடுப்பு வலி என்று சொல்லி அவர்களுக்குக் கண்டுபிடிப்பதே தள்ளிப்போகிறது. கர்ப்பம் திட்டமிடுகிறவர்கள் மருந்துகளை முன்கூட்டியே டாக்டரிடம் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும், பிரசவத்தில் முதுகில் மயக்க ஊசி போடுவது கடினமாகலாம் என்பதால் மயக்க மருந்து டாக்டரையும் சில வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

அப்பாவுக்கு முப்பது வருடமாக ஏஎஸ், முதுகும் கழுத்தும் முழுக்க ஒட்டிவிட்டது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், எழுந்து நடக்கிறார், வலி மட்டும் இருக்கிறது. என்ன செய்ய?

நடக்கிறார் என்பதால் முறிவு இல்லை என்று நினைக்காதீர்கள். முறிவு இல்லை என்று பரிசோதனையில் உறுதியாகும் வரை முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு, இன்றைக்கே சிடி இருக்கும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், பைக்கிலோ ஆட்டோவிலோ வேண்டாம், 108-ஐ அழையுங்கள். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் 'ஏஎஸ், முதுகு ஒட்டியிருக்கு, சிடி எடுங்க' என்று நின்று கேளுங்கள். சில மணி நேரமோ சில நாளோ கழித்து உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்துவது உண்டு, கை கால் பலத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒன்றை உறுதியாகச் சொல்லுங்கள். விபத்தில் அடிபட்டவர்களை நேராக மல்லாக்கப் படுக்கவைத்துக் கழுத்தில் காலர் மாட்டுவது அவர்களுடைய வழக்கம். உங்கள் அப்பாவின் கழுத்து வருடக்கணக்காக முன்பக்கம் வளைந்தே இருக்கிறது, அதை நேராக்கினால் முறிந்த இடம் திறந்துகொண்டு தண்டுவடம் நசுங்கலாம். விழுவதற்கு முந்தைய நாள் அவர் தலை எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில், தலைக்கும் தோளுக்கும் அடியில் தலையணையோ மடித்த போர்வையோ வைத்து, இருபக்கமும் துணிச்சுருள் அணைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அவருடைய பழக்கமான நிலையில் பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோ உங்கள் போனில் இருந்தால் அதைக் காட்டுங்கள், வாதாட வேண்டிய அவசியமே வராது.